எழும்புகிற பாட்டுக்குப் பன்னிரண்டு கதிரைகள்

அன்றைக்கு இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஊரில் ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள், அதனால்தான்.

மேடையில் நான்கு பேர்: இத்தாலியிலிருந்து லீவில் வந்த கிட்டார்காரர், சிலாபத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் பாடகர், அந்த நாளிலும் வாய் திறக்காத, இந்த நாளிலும் வாய் திறக்காத பேஸ் கிட்டார்காரர், டிரம்ஸில் என் அக்காவின் புருஷன், எனக்கு அத்தான். மேடைக்கு முன்னால் கதிரைகளில் ஏழு பேர்: நான், அக்கா, லொறியோட்டி வந்த, நானா என்று நாங்கள் கூப்பிடும் மதுரங்குளி முஸ்லிம் அண்ணன், உடப்பில் கருவாடு போடும் அண்ணன் தம்பி இருவர், முந்தலில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் சிநேகிதி, அவளுடைய புருஷன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குவதற்காகக் கற்பிட்டிக்கு வருகிற வெள்ளைக்காரர்கள். அவர்களை நான் எண்ணவில்லை. பாட்டு நடந்த கடற்கரைக் கிளப்பின் சொந்தக்காரப் பையன், கொழும்பு ஆள். ஒரு நாய்.

கதிரைகள் பன்னிரண்டு. ஐந்து சும்மா கிடந்தன. வருகிறோம் என்று போனில் சத்தியம் பண்ணியவர்களுக்காகக் கொண்டுபோனவை அவை.

கிளப்புக்கு யாராவது கதிரை கொண்டுபோவார்களா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். அதுவும் மரண உதவிச் சங்கத்துக் கதிரைகளை. நீல நிறப் பிளாஸ்டிக் கதிரை, ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டால் சங்கத்தின் பேர். எங்கள் ஊரில் ஒரு வீட்டு வாசலில் அந்தக் கதிரைகள் வந்து இறங்கினால் தெருவில் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நடப்பார்கள். அதைத்தான் நாங்கள் லொறியில் ஏற்றிக்கொண்டு பாட்டுக் கேட்கப் போனோம். காரணம் இருந்தது.

போர் நிறுத்தம் என்று சொல்லி ரோட்டில் சோதனைச் சாவடிகள் கொஞ்சம் குறைந்திருந்த வருஷங்கள் அவை. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இறால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தொட்டிகளில் காற்றடிக்கும் சக்கரங்கள் நிற்காமல் சுற்றுகின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. நின்றால் இறால் செத்துவிடும். எனக்குப் பொருத்தமான வேலை, ஏனென்றால் நான் பிறவியிலேயே பயப்படுகிற ஆள். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அது நின்றால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

பண்ணைக்குப் பின்னால், நோய் வந்து கைவிட்டுப்போன ஓர் இறால் குஞ்சுப் பண்ணைக் கட்டடம் இருந்தது. வெறும் சீமெந்துத் தொட்டிகள், கூரையில் பாதித் தகரம். அங்கேதான் அந்த நான்கு பேரும் பழகினார்கள். கல்யாண வீட்டில் பைலா வாசிக்கிற கோஷ்டி இல்லை இவர்கள். சொந்தப் பாட்டு. ஒரு வரி தமிழ், ஒரு வரி சிங்களம், அதற்கு மேலே கிட்டார் மரம் அறுக்கிற மாதிரிக் கத்தும். ஊரில் அதை வாகனம் திருத்துகிற கராஜ் வேலை என்றார்கள். நான் சைக்கிளில் போய்ச் சுவருக்கு வெளியே நிற்பேன். உள்ளே கூப்பிட்டாலும் போகமாட்டேன், கூரை விழுந்துவிடும் என்ற பயம். ஆனால் அவர்கள் வாசிக்கத் தொடங்கினால் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கவலை எல்லாவற்றையும் விட அந்தச் சத்தம் பெரிதாக இருக்கும். வேறு எந்த இடத்திலும் எனக்கு அப்படி ஓர் ஓய்வு கிடைத்ததில்லை. இன்றைக்கும் இல்லை.

இசை நிகழ்ச்சிகளில் பெரிய கோஷ்டி வருவதற்கு முன்னால் இவர்களுக்கு அரை மணித்தியாலம் கொடுப்பார்கள். மைதானத்தில் வாடகைக் கதிரைகள் வரிசையாகப் போட்டிருக்கும். எழும்பக் கூடாது. எழும்பினால் பின்னால் இருப்பவனுக்கு மேடை தெரியாது, கடலைக் கோது எறிவான். அந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் அந்தப் பாட்டு வந்தது. தரிப்பிடத்தில் நிற்காமல் போகிற பஸ்ஸைப் பற்றிய பாட்டு. பாட்டுக்கு அவர்கள் பேர் வைக்கவில்லை. நாங்கள் வைத்தோம், எழும்புகிற பாட்டு.

பாட்டின் நடுவில் எல்லாம் நின்றுவிடும். கிட்டார் மட்டும் ஒரே ஒரு சுரத்தை இழுத்துக்கொண்டு நிற்கும். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது, வாசிக்கிறவருக்கே தெரியாது. ஒரு நாள் மூச்சு விடுகிற நேரம், இன்னொரு நாள் ஒரு சிகரெட் பற்றவைத்து முடிக்கிற நேரம். அது தேய்ந்து, தேய்ந்து, அறுந்து போகிற இடத்தில் அத்தான் முழுப் பலத்தோடு அடிப்பார். முதல் தடவை முந்தல் மைதானத்தில் அந்த அடி விழுந்தபோது முன் வரிசை முழுக்கத் திடுக்கிட்டு எழும்பிவிட்டது. அடுத்த நிகழ்ச்சியில் வேண்டுமென்றே எழும்பினார்கள். பிறகு அதுவே வழக்கமாகிப் போனது: அந்தச் சுரம் முடியும்வரை கதிரையில் அசையாமல் இருக்க வேண்டும், அடி விழுந்ததும் மைதானமே எழும்ப வேண்டும். பொறுக்க முடியாமல் முந்தி எழும்புகிறவனுக்குக் கோது எறி. நான் ஒவ்வொரு முறையும் எறி வாங்கினேன். சட்டைப் பைக்குள்ளிருந்து வீட்டில் எடுத்து எண்ணியிருக்கிறோம், அக்கா சாட்சி.

அத்தான் அந்த இடைவெளி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தடி இரண்டும் காற்றில் நிற்கும். அதைப் பார்த்துத்தான் அக்கா அவரைக் கட்டினாள். அவ்வளவு நேரம் அடிக்காமல் பொறுத்திருக்கிற மனுஷன் கோபம் வந்தாலும் பொறுத்துக்கொள்வான் என்று நினைத்தாளாம். அந்த நினைப்புப் பிழையாகப் போனது என்பாள்.

கிட்டார்காரர் ஒரு நாள் இத்தாலிக்குப் போய்விட்டார். அந்தப் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் போன காலம், அவரும் போனார். சண்டை ஒன்றும் இல்லை. சொல்லாமல் போனார், அவ்வளவுதான். அத்தான் டிரம்ஸை ஒரு தேவாலயத்துக்கு விற்றுவிட்டு ஒரு குஞ்சுப் பண்ணையில் ஜெனரேட்டர் அறைக்கு வேலைக்குப் போனார். கிட்டார்காரர் பிறகு அங்கிருந்து போன் எடுத்தபோதெல்லாம் இவர் அக்காவிடம் கொடுத்துவிடுவார்.

இந்த வருஷம் கிட்டார்காரர் நேரே வீட்டுக்கு வந்தார். தலை வெளுத்து, வயிறு வைத்து, கையில் சீஸ் பெட்டியோடு. கற்பிட்டியில் ஒரு சின்னக் கிளப், தெரிந்த பையனுடையது, ஒரே ஒரு மாலை, பழைய நாலு பேரும், என்றார். அத்தான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சீஸை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். அது சம்மதம் என்பது எங்களுக்கு விளங்கியது.

அவர் ஏன் வாய் திறந்து சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அத்தானுக்கு இடது காது கேட்காது. வலது காதிலும் பாதிதான். ஜெனரேட்டர் அறையில் இத்தனை வருஷம் இருந்தால் அப்படித்தான் ஆகும் என்று சிலாபத்தில் டாக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்தவன் நான். மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனவனும் நான். ஒருத்தருக்கும் சொல்லாதே என்றார், அக்காவுக்கும். நான் சொல்லவில்லை. ஆனால் அக்கா கொஞ்சக் காலமாகவே எந்த இடத்திலும் அவருடைய வலது பக்கம்தான் உட்காருகிறாள் என்பதைக் கவனித்திருந்தேன். அதையும் நான் யாருக்கும் சொல்லவில்லை.

மற்றப் பாட்டுகளுக்குப் பயமில்லை. அத்தானே தடியைத் தட்டி எண்ணித் தொடங்குவார், மற்றவர்கள் அவருக்குப் பின்னால் வருவார்கள். அந்த ஒரு பாட்டு மட்டும்தான் அவர் இன்னொருவரைக் கேட்க வேண்டிய பாட்டு. மேடையில் கிட்டார்காரர் எப்போதும் நிற்பது அவருடைய இடது பக்கம்.

கிட்டார்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமே என்றேன்.

"சொன்னா என்ன செய்வான்? பாவம்னு பார்ப்பான். அந்தப் பாட்ட விட்டுருவோம்பான். இல்லாட்டி மெசின் ஒன்னுல டிரம்ஸப் போட்டு என்னைய ஓரமா உக்கார வைப்பான்" என்றார் அத்தான். பிறகு, "மச்சான், நீதான் எழும்பணும்."

எனக்கு விளங்கவில்லை.

"நான் கேக்கத் தேவையில்ல. நீ கேளு. அறுந்த உடனே எழும்பு. உன்னையப் பார்த்து நான் அடிக்கிறேன்."

எத்தனையோ பேர் இருக்க என்னையா, நான் எப்போதும் முந்தி எழும்புகிறவன் ஆயிற்றே, கோது எறி வாங்கினவன் ஆயிற்றே என்றேன்.

"அதாலதான். மத்தவன் ரசிச்சுக்கிட்டு இருப்பான். நீ பயந்துக்கிட்டுக் கேப்பாய்."

எழும்ப வேண்டுமென்றால் முதலில் உட்கார்ந்திருக்க வேண்டும். கிளப்பில் கதிரை இருக்குமா என்று நானாவை அனுப்பிப் பார்த்தேன். மெத்தையும் மரக்குற்றியும்தான் இருக்கிறது, எல்லோரும் கிளாஸோடு நிற்கிறார்கள் என்று வந்து சொன்னார். வாடகைக் கடையில் கதிரை எல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. மிச்சம் சங்கத்துக் கதிரைகள். பொருளாளர் எனக்குத் தூரத்துச் சொந்தம். காலையில் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் தந்தார். தரும்போது, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெரியவர் சாப்பாடு விட்டு மூன்று நாள், தண்ணீர்தான் இறங்குகிறது, அதையும் மனதில் வைத்துக்கொள் என்றார்.

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். உடப்பிலிருந்து கற்பிட்டி வரை லொறியில் நான் அந்தப் பெரியவருக்காக வேண்டிய மாதிரி அவருடைய பிள்ளைகள்கூட வேண்டியிருக்கமாட்டார்கள். அவர் போய், ஊர்ச் சனம் மணலில் உட்கார்ந்திருக்க, கதிரைகள் கிளப்பில் இருந்தன என்றால் நான் அந்த ஊரில் இருப்பதெப்படி? நானா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்: "நீ இப்பிடிப் பயந்தா அவருக்கு முந்தி ஒனக்குத்தான் மவுத்து வரும். கதிர ரெடியா லொறியில கிடக்கு, பயப்புடாத."

நானாவும் பழைய ஆள். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து சின்னப் பையனாக வாப்பா உம்மாவோடு வந்தவர். முந்தல் மைதானத்தில் என் பின்வரிசையில் இருந்து கோது எறிந்ததில் பாதி தன்னுடையது என்று இப்போதும் பெருமையாகச் சொல்வார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. கடல் முழுக்கப் பட்டங்கள். தென்னோலைக் கூரை, கீழே பலகைத் தளம், பலகைகளுக்கு நடுவில் விரல் போகிற இடைவெளி. நாங்கள் கதிரைகளை இறக்கி வரிசையாகப் போடுவதைக் கிளப்காரப் பையன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான். கதிரை முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டான். நானா சிங்களத்தில் விளக்கினார். பையன் முகம் மாறி, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றார் நானா. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்து கதிரை முதுகுகளைப் படம் எடுத்தாள். அலங்காரம் என்று நினைத்திருப்பாள்.

அத்தான் கிளப்பின் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து என்னைத் தேடினார். பாடகரின் முழங்கைக்கும் கூரைத் தூணுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அதற்கு நேராக என் கதிரையை இரண்டு தடவை நகர்த்தினேன். அவர் தலையாட்டினார்.

தொடங்கினார்கள். உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு பாட்டும் நன்றாக இல்லை. பாடகரின் குரல் கீழே போயிருந்தது, எட்டாத இடங்களில் மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டினார். அங்கே நாங்கள் ஏழு பேர்தான் பாட இருந்தோம். கருவாட்டுக்கார அண்ணன் தம்பி தொண்டை கிழியப் பாடினார்கள். மூன்றாவது பாட்டில் ஏதோ ஒன்று சரியாகிவிட்டது. பேஸ்காரர் சிரித்தார், அதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தகரக் கூரையும் சீமெந்துத் தொட்டியும் இல்லாமலே அந்தப் பழைய சத்தம் வந்து நின்றது. எனக்குப் பக்கத்தில் தையல்கடைக்காரி அழுதுகொண்டிருந்தாள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சுவருக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மாலைகள் அப்படியே என் மேல் இறங்கின. பத்தொன்பது வயதில் எதற்கெல்லாம் பயந்தேனோ அதில் பாதி நடக்கவே இல்லை என்று அப்போதுதான் யோசித்தேன். மற்றப் பாதி நடந்து, நான் அதைத் தாங்கியும் இருக்கிறேன்.

அப்புறம் பஸ் பாட்டு.

நாங்கள் ஏழு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பாட்டு ஓடி, நடுவுக்கு வந்து, எல்லாம் நின்றது. கிட்டார் மட்டும். அத்தானின் தடிகள் மேலே போயின. அந்த நாளில் மூடியிருந்த கண்கள் இப்போது முழுசாகத் திறந்து, அந்தச் சந்து வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

சுரம் நீண்டது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் கதிரைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன், என்னை நானே கட்டிவைத்த மாதிரி. அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. பெரியவர் போய்விட்டார் என்று நிச்சயமாக நினைத்தேன். பொருளாளர்தான் கூப்பிடுகிறார். வாசலில் சனம் நிற்கிறது, கதிரை இல்லை. போன் மறுபடியும் அதிர்ந்தது. சுரம் மெலிந்துகொண்டு வந்தது, நூல் மாதிரி, நூலின் பிசிர் மாதிரி. பையில் கை வைத்தால் கேட்காமல் போய்விடும். அக்கா என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் அவளுடைய கை என் முட்டியை அழுத்தியது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பொறு என்கிறாள்.

பொறுத்தேன். அறுந்தது. எழும்பினேன்.

எழும்பின வேகத்தில் கதிரையின் பின்கால் பலகை இடைவெளிக்குள் இறங்கி முறிந்தது. அந்த முறிவும் அத்தானின் அடியும் ஒன்றாக விழுந்தன. ஏழு பேரும் நின்றோம். வெள்ளைக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கத்தினார்கள். அத்தான் அடித்த அடியில் தூணிலிருந்த விளக்கு ஆடியது. யாரும் கோது எறியவில்லை. நானா என் முதுகில் ஒன்று வைத்தார், அது கோதை விட வலித்தது.

போனில் இருந்தது பலன்ஸ் முடியப்போகிறது என்ற செய்தி.

பாட்டு முடிந்ததும் அதையே மறுபடி கேட்டார்கள். நின்றுகொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் ஓடிவந்து சும்மா கிடந்த ஐந்து கதிரைகளிலும் மெத்தைகளிலும் உட்கார்ந்தார்கள். எழும்புவதற்காக. எனக்குக் கதிரை இல்லை. உட்காராதவன் எப்படி எழும்பிக் காட்டுவது? அக்காவின் கதிரையில் பாதியைக் கேட்கலாமா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டுத் தொடங்கிவிட்டது. அத்தான் சந்து வழியாக என்னைத் தேடுவது தெரிந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

கிட்டார்காரர் அதைப் பார்த்திருக்க வேண்டும். முதல் முறையே பார்த்திருப்பார், கண் மூடுகிற மனுஷன் கண்ணைத் திறந்து வைத்திருந்ததை. நடுப்பகுதி வருவதற்குள் அவர் வயரை இழுத்துக்கொண்டு, பாடகரைச் சுற்றி, டிரம்ஸின் வலது பக்கம் போனார். அத்தானுக்கு மிகக் கிட்ட, முழங்கால் டிரம்ஸில் முட்டுகிற அளவுக்குப் போய் நின்றார். அங்கிருந்தே சுரத்தை இழுத்தார். அந்த நாளில்கூட அவ்வளவு நேரம் இழுத்ததில்லை. அத்தான் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அடி சரியாக விழுந்தது. நான் பார்க்கவில்லை, கேட்டேன். அந்த மாலையில் அந்த ஒரு தடவைதான் பயமில்லாமல் கேட்டேன்.

காலையில் பதினொரு கதிரைகளையும் ஒரு முறிந்த கதிரையையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெரியவர் எழும்பிக் கஞ்சி குடித்திருந்தார். இப்போது வாசலுக்கு வருகிறார், என்னைக் கண்டால் தனக்கு வைத்த கதிரை எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். பொருளாளர் முறிந்த கதிரைக்குக் காசு கேட்டார். நான் முறித்தது, நான் கட்டுகிறேன் என்றேன். எனக்காக முறிந்தது என்றார் அத்தான். சுரத்தை இழுத்தது நான் என்றார் கிட்டார்காரர். கைகள் மாறி மாறிப் பைக்குள் போய் வந்தன. பொருளாளர், ஒரு பேர் சொல்லுங்கள், ரசீது எழுத வேண்டும் என்று சலித்துக்கொண்டார்.

கடைசியில் அத்தான்தான் கிட்டார்காரரின் கையைப் பிடித்துப் பர்ஸை மூடினார்.

"இப்பக் கட்டாத. அடுத்த வருஷம் வந்து கட்டு. என் இந்தப் பக்கமா வந்து கட்டு" என்று வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

அவர் திரும்பிப் போய் மாதங்கள் ஆகின்றன. வாரத்துக்கு ஒரு தடவை போன் எடுக்கிறார், அத்தான் அதை அக்காவிடம் கொடுப்பதில்லை, வலது காதில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுகிறார். மாதக் கூட்டத்தில் பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது நான் தலையைக் குனிந்துகொள்கிறேன், அத்தான் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறார்: நீலக் கதிரை ஒன்று, வரவேண்டியது, இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.